பொழிமுகத்தில் நின்று சுரப்பிகளை ரசிப்பது எப்படி?

நம் சரீரத்தை ஆளும் ஹார்மோன்களின் மகிமையை அறிய விரும்புகிறவர், அவை சுரக்கும் வேகத்தை வியப்பதற்கு முன், எந்த இடத்தில் எவ்விதம் நிறுத்தப்படுகின்றன என்பதைக் கவனிக்கப் பழக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பூவார்ப் பொழிமுகத்தைவிடத் தக்க இடத்தை நான் கண்டதில்லை. அகத்தியர் மலையில் பிறந்து வரும் நெய்யாறு, கடல் குவித்த மணல்திட்டால் இங்கே தடைப்பட்டு, நீர் பெருகப் பெருக அத்திட்டை உடைத்துக்கொண்டு அரபிக்கடலில் பாய்கிறது. வெள்ளம் வடிந்தபின் அலைகள் மீண்டும் மணலைச் சேர்க்க, பொழி மூடிக்கொள்கிறது. பெருக்கமே தன் தணிவுக்கு வழிசெய்யும் இந்த நியதிதான் நமக்குள்ளும் இடையறாது நடைபெறுகிறது.

உச்சி வெயிலில் அம்மணலில் சிறிது நேரம் நடந்து பாருங்கள். வியர்வையினால் இரத்தத்தின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு உயர்ந்த மாத்திரத்திலேயே, மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் அதை உணர, பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வாசோபிரெசின் புறப்பட்டுப் போய், நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டும் சிறுநீரகங்களை, இன்னும் அதிகமான நீரை உடலுக்கே திருப்பித் தரும்படி ஏவுகிறது. சிறுநீர் குறைந்து மஞ்சள் அடர்கிறது, நா வறள்கிறது. இப்போது ஓர் இளநீரை அவசரமின்றிப் பருகி, தாகம் எந்தக் கணத்தில் தணிகிறது என்று பாருங்கள். குடித்தது குடலைக் கடந்து இரத்தத்தில் கலப்பதற்கு வெகு முன்பே, தொண்டையில் இறங்கும்போதே, வாசோபிரெசினின் சுரப்பு தாழத் தொடங்கிவிடுகிறது! உடலின் இந்த முன்யோசனையைப் போல் என்னை நெகிழச் செய்வது வேறொன்றில்லை.

மரச்சீனிக்கிழங்கு உண்டபின் ஏறும் சர்க்கரையை இன்சுலின் இறக்குவதைப் பலரும் அறிவர். முழு வளர்ச்சியுற்ற ஒருவரின் இரத்தம் அனைத்திலும் இருக்கும் குளுக்கோஸ் சுமார் ஒரு தேக்கரண்டிதான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் ரசனை கூடும். தொட்டுக்கொண்ட சாளைக் குழம்பு மேலும் நுட்பமான பாடத்தைச் சொல்கிறது. படகு குலுங்கும்போது பாயும் அட்ரினலின் சில நிமிஷங்களில் மறைய, கடல்மீன் தரும் அயோடினைக் கொண்டு தைராய்டு செய்யும் தைராக்ஸினோ பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரமாகும். குரல்வளைக்குச் சற்றுக் கீழே விரல்களை வைத்து ஒரு மிடறு விழுங்கினால், அச்சுரப்பி இருக்கும் இடம் மேலேறி இறங்குவதை உணரலாம்.

அயோடின் கிட்டாவிடில், போதும் என்று சொல்லத் தைராக்ஸின் இல்லாமையால், பிட்யூட்டரி ஓயாமல் தூண்ட, சுரப்பி வீங்கிக் கழலையாகிறது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள இமயமலைச் சாரலின் காங்க்ரா பள்ளத்தாக்கில், 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முதலியோர் பிரதேசத்தை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றுக்குச் சாதாரண உப்பையும் வழங்கிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அவ்விரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் அங்கும் அயோடின் உப்பே வழங்கப்பட, அவ்வூர் மக்களின் கழுத்து வீக்கமும் தணியலாயிற்று.