நோயறியும் சொற்கள்

'பத்து பாகாட்' என்னும் ஊர்ப்பெயரைத் தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் படித்தால், பத்து என்பதை எண்ணாகவே கொள்வர். மலாய் மொழியிலோ அது கல்லைக் குறிக்கும். பாகாட் என்பது உளி. ஊர்ப்பெயரில் நேரும் இத்தகைய மயக்கத்தால் எவருக்கும் தீங்கில்லை. நோயைப் பற்றிய சொல்லில் மயக்கம் நேருமாயின் அவ்வாறு சிரித்துவிட்டுப் போக இயலாது.

ஜோகூரின் மேற்குக் கரையில் அமைந்த அவ்வூரிலும், அதனைச் சூழ்ந்த யோங் பெங், பாரிட் ராஜா முதலிய இடங்களிலும் வாழும் தமிழ் இளைஞர் கையில் இன்று கைப்பேசி இருக்கின்றது. எச்.ஐ.வி. பற்றிய அறிவும் பரிசோதனையும் அதன் வழியாகவே இளையோரை நாடி வருகின்றன. குறுங்காணொளி, செயலி, கேட்ட வினாவுக்கு எந்நேரமும் விடையளிக்கும் உரையாடற்பொறி, அஞ்சலில் வீடு தேடி வரும் பரிசோதனைப் பெட்டி எனக் கருவிகள் பல. இவற்றால் பயன் உண்டா என்பதை மருத்துவ அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். தமிழாசிரியர் ஆராய வேண்டிய வினா ஒன்று தனியே உள்ளது. இக்கருவிகள் எந்தத் தமிழில் பேசுகின்றன என்பதே அது.

இந்நோய் பற்றிய தமிழ்ச் சொற்கள் பிறந்த காலத்தை முதலில் நினைவிற் கொள்ளுதல் நன்று. 1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனீதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி திரட்டிய குருதி மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் அத்தொற்று இருப்பது முதன்முதலாக அங்கே தெரிய வந்தது. மலேசியாவில் முதல் தொற்றுக் கண்டறியப்பட்டதும் அதே 1986இல்தான். அக்காலத்தில் மருந்தென்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆகவே, 'ஆட்கொல்லி நோய்', 'உயிர்க்கொல்லி நோய்' என்று ஏடுகள் எழுதியதைக் குறை கூறுதல் பொருந்தாது. 1996ஆம் ஆண்டளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. அன்று முதல், காலத்தே கண்டறிந்து நாள்தோறும் மருந்துண்பவர் பிறரைப் போலவே நெடுநாள் வாழும் நிலை படிப்படியாக உண்டாயிற்று. நோய் மாறிற்று, அடைமொழி மாறவில்லை. இன்றைய காணொளியின் தலைப்பிலும் பழைய 'ஆட்கொல்லி' அப்படியே நிற்கின்றது. கிருமிக்கும், அக்கிருமி பல்லாண்டு கவனிப்பாரற்று உடலை அரித்தபின் தோன்றும் எய்ட்ஸ் நிலைக்கும் உள்ள வேற்றுமையையும் அச்சொல் அழித்துவிடுகின்றது.

அச்சமூட்டினால்தான் இளையோர் வழிதவறார் என்று சிலர் வாதிடுவர். அச்சம் செயலைத் தடுப்பதினும் சோதனையையே மிகுதியாகத் தடுக்கின்றது. ஆட்கொல்லி தன் உடலில் இருப்பதாக அறிந்துகொள்ள எந்தப் பதினாறு வயதுப் பிள்ளை விரும்பும்?

அடுத்துக் கலைச்சொற்களைக் காண்போர், மொழிபெயர்ப்பு விளைக்கும் கேட்டினை இன்னும் தெளிவாக உணர்வர். சோதனை முடிவைக் குறிக்கும் 'பாசிட்டிவ்' என்பதை 'நேர்மறை' எனப் பெயர்ப்பதுண்டு. பள்ளியில் நேர்மறைச் சிந்தனை வேண்டும் என்று நாளும் கேட்டு வளர்ந்த மாணவன், தன் முடிவு நேர்மறை என்று திரையிற் கண்டால் என்ன பொருள் கொள்வான்? நல்ல முடிவு என்றே கொள்வான். எதிர்மறை என்று கண்டவனோ கலங்குவான். சொல்லுக்குச் சொல் பிழையின்றிப் பெயர்த்தும் பொருள் தலைகீழாகிவிட்டது. கோவிட் பரவிய நாள்களில் தமிழ்ச் செய்தித்தாள்கள் எவருடைய ஆணையும் இன்றி 'தொற்று உறுதி' என்று எழுதத் தொடங்கின. அந்த எளிய வழக்கை ஒட்டித் 'தொற்று உண்டு', 'தொற்று இல்லை' என்று எழுதுவதற்கு என்ன தடை? (தானே செய்துகொள்ளும் சோதனையில் 'உண்டு' என வந்தால் கிளினிக்கில் மீண்டும் சோதித்த பின்னரே அதனை உறுதியென்று கொள்ளல் வேண்டும், அதனையும் அதே திரையில், அதே அளவு எழுத்தில் எழுதுதல் வேண்டும்.)

'சுயபரிசோதனை' என்பது மற்றொன்று. விரல் நுனியிலிருந்து ஒரு துளிக் குருதியோ ஈற்றிலிருந்து ஒற்றியெடுத்த நீரோ கொண்டு ஒருவர் தாமே செய்யும் எச்.ஐ.வி. சோதனையை உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. தமிழில் சுயபரிசோதனை என்றால் மனச்சான்றை வினவுதல் என்று பொருள். தேர்தலில் தோற்ற கட்சிகள் செய்துகொள்வதாக அறிவிப்பது அதுவே. ஏற்கெனவே குற்றவுணர்வோடு கைப்பேசியைத் திறக்கும் பிள்ளைக்கு, அறநெறி விசாரணை ஒன்று தொடங்குவது போன்ற தோற்றத்தை அச்சொல் தருகின்றது. 'நீங்களே செய்துகொள்ளும் சோதனை' என்று சொன்னால் சொற்கள் கூடும், மயக்கம் ஒழியும்.

'சாளரக் காலம்' என்பது யாருக்கும் எதையும் உணர்த்தாது. தொற்று ஏற்பட்ட நாளுக்கும் அது சோதனையில் தென்படும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தையே அது குறிக்கின்றது. விரைவுச் சோதனைகளில் அக்காலம் மூன்று மாதம் வரை நீளலாம். இதை அறியாதவன் மறுவாரமே சோதித்து, இல்லை என்று கண்டு, மனநிறைவோடு பெட்டியை எறிந்துவிடுவான். 'கண்டறிய முடியாத அளவு' என்ற தொடரும் அத்தகையதே. மருந்தினால் குருதியில் கிருமி அத்துணைக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழி அது பிறருக்குப் பரவாது. 2019இல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் பகுதியும் அதனையே உறுதி செய்தது. இவ்வளவு பெரிய நற்செய்தியைத் தமிழில் கண்டறிய முடியாதது என்று எழுதினால், மருத்துவருக்கே பிடிபடாத மாய நோய் என்றன்றோ படிப்பவர் எண்ணுவர்?

'பால்வினை நோய்' என்ற சொல் தமிழறிஞரின் தனிக் கவனத்திற்கு உரியது. பால் என்பதற்குப் பழந்தமிழில் ஊழ் என்ற பொருளும் உண்டு. வினை என்பதோ செய்த தீவினையின் பயனையும் சுட்டும். இவ்விரண்டும் கூடிய தொடர் நோயாளியைப் பார்த்து 'உன் வினை' என்று சொல்லாமற் சொல்கின்றது. ஆக்கியோர் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார் என்பது உண்மையே. ஆயினும் சொல், ஆக்கியோர் கருத்தோடு நின்றுவிடுவதில்லை. பரத்தையிற் பிரிவை ஒரு திணைக்கே உரியதாக வகுத்துக் கூச்சமின்றிப் பாடிய மொழிக்கு உடலைப் பற்றிப் பேசச் சொல் இல்லை என்பது பொருந்தாக் கூற்று.

தமிழ்நாட்டில் 2003ஐ ஒட்டிச் சுவரெங்கும் காணப்பட்ட 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் இங்கே எண்ணத்தக்கது. விடை சொல்லாது வினா மட்டும் எழுப்பி ஊரையே பேசவைத்த திறம் பாராட்டுக்குரியது. எந்தக் கலைச்சொல்லும் அதில் இல்லை. தெருவில் வழங்கும் பேச்சே இருந்தது. எனினும் ஒரு குறை அதனுள் இருந்தது. புள்ளிராஜா ஊர் சுற்றும் ஆடவன். படித்த இளைஞன் ஒவ்வொருவனும் 'நான் புள்ளிராஜா அல்லேன்' என்று சொல்லி எளிதில் விலகிக்கொள்ளலாம். பெண்களோ அந்த வினாவிற்குள் வரவே இல்லை. இன்றைய காணொளிகள் பல அவ்விளம்பரத்தின் திறமையை விட்டுவிட்டுக் குறையை மட்டும் பெற்றிருக்கின்றன.

பத்து பாகாட்டுப் பிள்ளையின் நிலை சென்னைப் பிள்ளையின் நிலையினும் சிக்கலானது. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி என்பது ஆறாம் ஆண்டு வரையே. அங்கே நலக்கல்வி தமிழில் உண்டு. பதின்மூன்றாம் வயதில் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் பாடமொழி மலாய் ஆகின்றது. தமிழ் ஒரு மொழிப்பாடமாக மட்டும், அதுவும் போதிய மாணவர் சேர்ந்த இடங்களில், நிற்கின்றது. எந்த வயதில் இந்நோய் பற்றிய அறிவு வேண்டப்படுகின்றதோ, அந்த வயதிலேயே தமிழ் வாய்மூடிவிடுகின்றது. வகுப்பில் மலாயிற் கேட்டதை வீட்டில் தாயிடம் வினவச் சொல் கிடைப்பதில்லை. அப்பிள்ளை கைப்பேசியில் எழுதுவதும் தமிழெழுத்தில் அன்று. ரோமன் எழுத்தில், மலாயும் தமிழும் கலந்து. தூய தமிழெழுத்தில் தட்டினாலன்றி விடையளிக்காத உரையாடற்பொறி அப்பிள்ளையைப் பொறுத்தவரை ஊமையே.

பரிசோதனையின் வரலாறும் ஜோகூரில் தனித்தன்மை உடையது. திருமணத்திற்கு முன் முஸ்லிம் மணமக்கள் எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளல் வேண்டும் என்று மலேசியாவில் முதன்முதலாக, 2001இல், விதித்த மாநிலம் அது. அவ்விதி பெரும்பாலான தமிழரைச் சாராது. பதின்ம வயதினருக்கும் அது நெடுந்தொலைவில் உள்ளது. மற்றோர் எடுத்துக்காட்டே இங்குப் பொருந்தும். 1998 முதல் நாடெங்கும் அரசாங்கக் கிளினிக்குகளில் கருவுற்ற தாய்மாருக்கு, வழக்கமான குருதிச் சோதனைகளோடு சேர்த்து இதுவும் செய்யப்பட்டு வருகின்றது. யாரையும் ஐயுறவில்லை, யாரையும் அச்சுறுத்தவுமில்லை. தாயிடமிருந்து சேய்க்கு இத்தொற்றுப் பரவுதலை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றளித்தது. சோதனையைச் சோதனை என்று மட்டும் சொன்னதன் பயன் அதில் கலந்திருக்கின்றது.

இளையோருக்கோ இன்னொரு தடையும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கப்படுகின்றது. 'இன்றே சோதியுங்கள்' என்று செயலி அழைக்கின்றது. கிளினிக்கின் வாயில் தந்தையின் கையொப்பத்தைக் கேட்கின்றது. ஒப்புதல் பற்றிய விதிகள் பதின்ம வயதினருக்குத் தடையாகின்றனவா என்று நாடுகள் மீண்டும் ஆராயுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2013லேயே கேட்டுக்கொண்டது. இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் மறைக்கும் செயலி, பிள்ளையை வாயில் வரை அழைத்துச் சென்று கைவிடுகின்றது. வயது எல்லையை முதற்பக்கத்திலேயே கூறி, வீட்டில் இதனை எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்கு நான்கு வரித் தமிழும் தந்தால் அது மேலானது.

கருவி சிறிதாயினும் சொல் தக்கதாயின் என்ன நிகழும் என்பதற்குக் கென்யாவில் சான்றுண்டு. அங்கு இத்தொற்றுடைய 538 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு முறை குறுஞ்செய்தி சென்றது. 'மருந்து உண்டீரா' என்று அது கேட்கவில்லை. நோயின் பெயரையும் சொல்லவில்லை. 'மாம்போ?' என்ற ஒரே சொல். சுவாகிலி மொழியில், எப்படி இருக்கிறீர் என்பது பொருள். 'சாவா' என்றால் நலம். 'ஷீடா' என்றால் இடர். இரண்டில் ஒன்றை 48 மணி நேரத்திற்குள் எழுதினால் போதும். இச்செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 62 பேரும், பெறாதோருள் 50 பேரும் மருந்தைத் தவறாது உண்டதாகக் கூறினர். அவர்கள் வயதுவந்தோர், ஆய்வும் மருந்தைப் பற்றியது. பதின்ம வயதினருக்கென ஜாம்பியாவில் 2012இல் தொடங்கிய யூ-ரிப்போர்ட் குறுஞ்செய்திப் பணியிலும், பிள்ளைகள் தம் ஐயத்தை எழுதப் பயிற்சி பெற்ற ஆலோசகர் விடை எழுதினர்.

மலேசியத் தமிழரிடையே 'மாம்போ'வுக்கு நிகரான சொல்லைத் தேடி அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. 'சாப்பிட்டாச்சா?' என்பதே அது. கென்யாவில் 'இடர்' என்று எழுதியவரையும், விடையே எழுதாதவரையும் கிளினிக்கைச் சேர்ந்தவர் தொலைபேசியில் அழைத்துப் பேசினர் என்பதை மறத்தலாகாது. பத்து பாகாட்டிலிருந்து ஒரு பிள்ளை 'இல்லை' என்று எழுதினால், தமிழில் திருப்பி அழைக்கப் போகிறவர் யார் என்பதைச் செயலியை வகுப்போர் முதலில் முடிவு செய்தல் வேண்டும்.