ஐந்து பேர், இரண்டு கட்டு

ரம்மி நன்றாக ஆடுகிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ரம்மியை நன்றாக நடத்துகிறவர் ஒருவர் இருந்தாலே அந்த ஊர் கொடுத்துவைத்தது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமுக்காளத்தை உதறி விரித்து, பையிலிருந்து பிரிக்காத கட்டுகளை எடுத்துவைக்கும் சித்தப்பா ஒருவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர் சுமாராகத்தான் ஆடுவார். ஆனால் யாரை எங்கே உட்காரவைப்பது, எப்போது காபி சொல்வது, சூடேறும் பேச்சை எப்படித் திருப்புவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வித்தையைச் சனிக்கிழமைதோறும் தங்கள் வீட்டுக் கூடத்தில் நடத்திக்காட்டுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆள் கணக்கு. பதின்மூன்று சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டு வேண்டும், 104 சீட்டு. அச்சு ஜோக்கர் இரண்டு சேர்த்தால் 106. ஆறு பேர் உட்கார்ந்தால் கைகளிலேயே 78 போய்விடும். கட் ஜோக்கர் ஒன்று, திறந்து வைப்பது ஒன்று போக நடுவில் மிஞ்சுவது 26. ஆளுக்கு நாலு தடவை எடுத்ததும் கட்டு தீர்ந்து மறுபடி கலைக்கவேண்டி வரும். ஏழு பேர் என்றால் மிஞ்சுவது 13. அது ஆட்டமே இல்லை, குலுக்கல். ஐந்து பேர்தான் சரியான எண்ணிக்கை. நடுவில் 39 சீட்டு இருக்கும், யார் எதை எடுத்தார், எதை விட்டார் என்று மனசில் வைத்துக்கொள்ளவும் முடியும். வந்துவிட்ட ஆறாவது ஆளைத் திருப்பி அனுப்புவது நம் பழக்கத்தில் இல்லை. கெட்டிக்கார வீட்டுக்காரர் அவர் கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்து, கணக்கெழுதும் கௌரவப் பதவியில் அமர்த்திவிடுவார். அடுத்த பூலில், அதாவது அடுத்த ஆட்டத் தொடரில், அவர் உள்ளே, வேறொருவர் வெளியே.

இரண்டு கட்டுக்கும் முதுகு ஒரே நிறமாக, ஒரே படமாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பிரிக்கவேண்டும், ஒரே நாளில் ஓய்வு கொடுக்கவேண்டும். பழசும் புதுசும் கலந்தால் கண்ணை மூடிக்கொண்டே விரல் சொல்லிவிடும். ஆட்டின் ராணிக்கு மூலை மடங்கியிருப்பது தெரிந்தும் அதே கட்டில் ஆடும் வீடுகள் இருக்கின்றன. அங்கே நான் காபியோடு நிறுத்திக்கொள்வேன்.

கலைப்பதில் நம்மவர்களுக்கு அசாத்தியத் தன்னம்பிக்கை. கட்டை இடது கையில் பிடித்து வலது கையால் நாலு தள்ளு தள்ளிவிட்டு, “வெட்டுங்க” என்று நீட்டுவார்கள். போன ஆட்டத்தில் டிக் அடித்து ஜெயித்தவருடைய சீக்வன்ஸ் அதிகம் கலையாமல் அப்படியே கிடக்கும். டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கட்டை இரண்டாகப் பிரித்துச் சரசரவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவைக்கும் முறையிலேயே ஏழு தடவை கலைக்கவேண்டும். டயகோனிஸ் கணிதத்துக்கு வருமுன் மேஜிக்காரராக ஊர் சுற்றியவர். சீட்டின் குணம் தெரிந்தவர். இரண்டு கட்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நம்முடைய தள்ளு முறைக்கு எத்தனை தடவை என்று கேட்காமலிருப்பதே மரியாதை. எனக்குத் தெரிந்த உயர்ந்த வீடு ஒன்றில் அத்தனை சீட்டையும் விரிப்பின் மேல் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு உள்ளங்கையாலும் வட்டமாகத் தேய்த்துக் கலக்குகிறார்கள். பார்க்க அழகில்லைதான். ஆனால் ஒரு நிமிஷம் தேய்த்தால் எந்த சீக்வன்ஸும் உயிர் பிழைக்காது.

விரிப்பு என்றேன். வழவழப்பான டைல்ஸ் தரையில் சீட்டு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் கெல்லி எடுப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் அது ராஜாவா ராணியா என்று பார்த்துவிடுவார். பவானி ஜமுக்காளம் மாதிரி தடித்த பருத்தி விரிப்பில் விரல் இயல்பாக நுழையும். முட்டி மடக்க முடியாதவர் ஒருவர் இருந்தாலும் எல்லோரும் மேஜைக்கு மாறிவிடவேண்டும், அதன் மேல் போர்வையை விரித்துக்கொண்டு. மின்விசிறி இரண்டில் ஓடட்டும். ஐந்தில் வைத்தால் மேல் சீட்டு தானாகத் திரும்பும். பீரோ கண்ணாடிக்கு முதுகு காட்டி யாரையும் உட்காரவைக்கக் கூடாது. கணவன் மனைவி அடுத்தடுத்து உட்காரவே கூடாது. ஒருவர் இறக்குவதைத்தான் அடுத்தவர் எடுக்கிறார் என்பதால் சந்தேகத்துக்கும் இடம், சண்டைக்கும் இடம்.

தின்பண்டம் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பஜ்ஜி, போண்டா கூடாது. சுண்டல், ஸ்பூனோடு.

பந்தயத்துக்கு வருவோம். ரம்மியில் மிகக் கடினமான காரியம் டிக் அடிப்பதாக நினைக்கிறார்கள். கையில் வந்த பதின்மூன்றைப் பார்த்து, இது தேறாது என்று முதல் சீட்டு எடுக்குமுன்பே கவிழ்த்து ஸ்கூட் சொல்வதுதான் கடினம். பந்தயமே இல்லாமல் சும்மா ஆடும் வீட்டில் யாரும் ஸ்கூட் சொல்வதில்லை. எல்லோரும் கடைசிவரை ஒட்டிக்கொண்டு ஏதோ ஒரு சீட்டுக்காகத் தவம் கிடப்பார்கள்; ஆட்டம் நமத்துப்போகும். பந்தயம் பெரிதானாலோ நட்பு போகும். இரண்டுக்கும் நடுவே அழகான வழி 201 பூல். ஸ்கூட் 25, நடுவில் கவிழ்க்கும் மிடில் ஸ்கூட் 50, ஃபுல் 80; மொத்தம் 201 ஆனால் அவுட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொடர்ந்து எட்டு ஸ்கூட் போட்டாலும் 200தான், உயிரோடு இருப்பீர்கள். மூன்று ஃபுல் வாங்கினால் கதை முடிந்தது. கோழைக்கும் முரடனுக்கும் நடுவே ஆட்டக்காரன் நிற்கவேண்டிய இடத்தை அந்த எண்களே கோடு கிழித்துக் காட்டுகின்றன. பணமே வேண்டாம், முதலில் அவுட் ஆகிறவர் அடுத்த வாரச் சுண்டலுக்குப் பொறுப்பு என்றால் போதும், 180-ல் இருப்பவர் முகம் இறுகிவிடுகிறது.

வீட்டுக்காரர் பூல் பணத்தில் பங்கு எடுக்கவே கூடாது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், விழும் சீட்டுகளை நினைவில் வைத்து எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கவேண்டும் என்றது. மூணு சீட்டிலிருந்து அதைப் பிரித்தும் காட்டியது. எல்லோரும் இதை மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பில், இடம் கொடுப்பவர் ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் இருப்பதை யாரும் சொல்வதில்லை. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அதுதான் நியாயம். செல்போன் ரம்மியில் நடந்தது என்ன? கடனாளியாகி உயிரை விட்டவர்களின் செய்திகள் குவிந்த பிறகு தமிழக அரசு 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. சீட்டு அதே சீட்டுதான். “போதும்டா, சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போ” என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லாமலிருப்பதில்தான் அந்தக் கம்பெனிகளுக்கு வருமானம்.

கூடத்து ஆட்டத்தில் கண்ணுக்கு விருந்து நிறைய. கைதேர்ந்தவர் சீட்டை வரிசைப்படுத்தியதும் மறுபடி இடம் மாற்றிவைப்பார். எந்த ஓரத்திலிருந்து இறக்குகிறார் என்பதை வைத்து யாரும் கணக்குப் போட முடியாது. ஒரே ஒரு சீட்டுக்குக் காத்திருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். ஆட்டின் எட்டு, ஒன்பது, ஜாக்கி மூன்றையும் வைத்துக்கொண்டு, மனசைக் கல்லாக்கி ஜாக்கியை இறக்குவார் ஒரு மாமி. அவருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர், மாமிக்குப் பெரிய ஆட்டின் வேண்டாம்போல என்று நம்பி அடுத்த சுற்றில் பத்தை விடுவார். மாமி அதை எடுக்கும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. இதைப் பார்க்கவே நான் எத்தனை ஸ்கூட்டும் போடத் தயார். ஆட்டம் முடிந்ததும் “அந்தப் பத்தை ஏன் விட்டீங்க?” என்று ஒரு விசாரணை நடக்குமே, அதற்கும் நல்ல வீட்டில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பின்னாலிருந்து வேடிக்கை பார்ப்பவருக்கு மட்டும் ஒரு சட்டம்: ஒரு ஆட்டத்தில் ஒருவர் கையைத்தான் பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது.

சலிக்காமல் நடக்கும் கச்சேரிகளில் நான் கவனித்த பொதுக் குணம், அவை நேரத்துக்கு முடிகின்றன. தோற்றவர் “இன்னொரு பூல்” என்று கெஞ்சும்போது, சிரித்துக்கொண்டே கட்டைப் பெட்டிக்குள் போடும் நெஞ்சுரம் வீட்டுக்காரருக்கு வேண்டும். நீங்கள் இந்தச் சனிக்கிழமை தொடங்குவதானால் ஒரே முதுகுள்ள இரண்டு கட்டு வாங்குங்கள், நாலு பேரைக் கூப்பிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் புதுப் பூல் போடாதீர்கள்.