வினவியவர் யார்?

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோரம் உள்ள ரமணாசிரமத்தின் நூல் விற்பனைக் கூடத்தில் சிறிது நேரம் நிற்பவருக்கு ஒன்று புலப்படும். அங்குள்ள நூல்களில் பல உரையாடல்கள். பக்தர் வினவுகிறார், மகரிஷி விடையளிக்கிறார். ஞானோபதேச வினாவிடையை மனனம் செய்து வளர்ந்த நமக்கு இவ்வடிவம் அந்நியமானதன்று. விடையே முதன்மை, வினவியவர் யாராயினும் சரி. இவ்வடிவத்தின் வலிமை இதுவே. இதன் குறையும் இதுவே என்பது நம் கருத்து.

1935 முதல் 1939 வரை முனகால வெங்கடராமய்யா குறித்துவைத்த உரையாடல்களில் மாரிஸ் ஃபிரீட்மன் என்ற பொறியாளர் பலமுறை வருகிறார். வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரசின் மின்கருவித் தொழிற்சாலைப் பணிக்காகப் பெங்களூர் வந்தவர். கூர்மையாக வினவுவார், விடாமலும் வினவுவார். நமக்குக் கிடைப்பது அவ்வளவே. ஆசிரமத்தை விட்டு அவர் எங்குச் சென்றார், என்ன செய்தார் என்பது அந்நூலின் கவலையன்று.

அவர் சென்ற இடங்களுள் ஒன்று மராட்டியத்தின் ஔந்த் சமஸ்தானம். 72 கிராமங்கள் கொண்ட அச்சிறு நாட்டின் மன்னர் தம் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைக்க, காந்தியடிகளின் வழிகாட்டுதலில் 1939-இல் உருவான அரசியலமைப்பில் ஃபிரீட்மனின் பங்கும் உண்டு. மன்னரின் மைந்தர் அப்பா பந்த் 1989-இல் வெளியிட்ட ‘ஆன் அன்யூசுவல் ராஜா’ இதனை அன்பு ததும்ப விவரிக்கிறது. அன்பு ததும்புவதுதான் அந்நூலில் நமக்குள்ள மனக்குறையும். நல்லோர் கூடினர், நன்மை விளைந்தது என்ற நடை அது. எழுதியவரோ சுதந்திர இந்தியாவின் தூதுவர். 1950-களில் சிக்கிமில் இருந்துகொண்டு திபெத் விவகாரங்களைக் கவனித்தவர். உள்ளன்பு கோப்பாகவும் ஆணையாகவும் மாறும் வழியை அவரினும் நன்கறிந்தவர் சிலரே.

1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் எல்லை கடந்தனர். அவர்களுக்கான பணியில் இறங்கியவர்களுள் ஃபிரீட்மனும், உமாதேவி என ஆசிரமத்தார் அறிந்திருந்த வாண்டா தினோவ்ஸ்காவும் இருந்தனர். இருவருமே போலந்து நாட்டினர். 1939-இல் தம் தாயகம் இரு படைகளிடையே நசுங்கியதைத் தொலைவிலிருந்து கேட்டறிந்தவர்கள். நிவாரணம் உருக்கத்தால் மட்டும் நடந்துவிடுவதில்லை. யாரேனும் நிலம் கேட்க வேண்டும்; யாரேனும் கையொப்பமிட வேண்டும். பைலகுப்பேயில் மைசூர் அரசு ஏறத்தாழ 3,000 ஏக்கர் ஒதுக்கியது. அம்மாநிலத்துத் திபெத்தியர் குடியமர உதவுவதற்கென்றே 1968-இல் ‘மைராடா’ தோன்றிற்று. வெளிநாட்டு உதவி வந்தபோது, அது ஊன்றி நிற்க அவர்களுக்கு நிலம் இருந்தது.

உலகுக்கு உதவுவது எப்படி என்று கேட்டவர்களிடம், உதவ விழையும் ‘நான்’ யார் என முதலில் தேடுமாறு மகரிஷி கூறினார். இதனைச் சமூகப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் என்போர் நம்மிடையே உண்டு. இவ்விருவர் வாழ்வையும் அவ்விடையோடு சேர்த்துப் படித்தால் அக்குற்றச்சாட்டு நிலைக்காது. சேர்த்துப் படிக்கத்தான் நூல் காணோம். பழியை ஆசிரம நூல்கள் மீதே சுமத்துதலும் முறையன்று. நிசர்கதத்தரின் உரையாடல்களை மொழிபெயர்த்து ஃபிரீட்மனே அளித்த ‘ஐ ஆம் தட்’ (1973) நூலிலும் வினவுபவருக்குப் பெயரில்லை. அவர் தம்மை மறைத்துக்கொண்டார், அது பணிவு. நாமும் அவரை மறைத்துவிடுவதற்கு அப்பெயர் பொருந்தாது.

இப்பழங்கதை இப்போது எதற்கு? 1983 முதல் ஈழத்தமிழர் நம் கரை சேர்ந்தனர். தமிழகமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் எழுந்தன, இம்மாவட்டத்திலும் எழுந்தன. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை; அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இல்லை. திபெத்தியருக்கும் ஈழத்தமிழருக்கும் இந்நிலை பொதுவே. எனினும் ஒரு சாராருக்குக் கிடைத்தது நிலம். மறு சாராருக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பத்தடி அறை. முன்னவர் நெடுநாள் தங்குவர் எனத் தில்லி ஏற்றுக்கொண்டது; பின்னவர் விரைவில் திரும்புவர் என்றே எண்ணியது. திரும்பியோர் உண்டு. அவர்கள் மனமொப்பித்தான் செல்கின்றனரா எனக் காண 1992-இல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. திரும்பாதோரின் மக்கள் முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே பெற்றோரும் ஆயினர். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவர்களைச் சேர்க்கவில்லை. 2021-இல் தமிழக அரசு ‘மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றி, புதிய வீடுகளும் அறிவித்தது. (கதியற்றவர் என்பதே ‘அகதி’யின் பொருள், பெயர் மாற்றத்தைச் சிறிதென்று நாம் தள்ளவில்லை.)

இம்முகாம்களைப் பற்றி நாம் எழுதியவை எவை? நம் பங்கு மலர்களைப் புரட்டினோம். போர்வை வழங்கல், கிறிஸ்து பிறப்பு விழா கேக், வரிசையாய் நின்ற நிழற்படம். பிறப்புச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் நாள்கணக்கில் காத்திருந்த உபதேசியார், கல்லூரி இடத்திற்காக மனுமேல் மனு எழுதிய அருட்சகோதரி, இவர்கள் எல்லாம் அங்கும் ‘அன்பர் ஒருவர்’தாம்.

அவ்வாறு உழைத்த முதியவர் ஒருவரை அண்மையில் கண்டு, பழைய குறிப்பேடுகள் உண்டா என வினவினோம். கரையான் அரித்துவிட்டது என்றார். பின்னர், 1990-இல் மண்டபத்திலிருந்து பேருந்தில் வந்திறங்கிய குடும்பங்களின் பெயர்களை, அவர்கள் இறங்கிய வரிசையிலேயே சொல்லத் தொடங்கினார். நாம் எழுதுகோலைத் தேடினோம்.