பொன்னை எடை காட்டிக்கொடுக்கும்

தொலைந்த மோதிரத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதை ஒரு கலை என்று சொன்னால் விருதுநகர்ப் பக்கம் சிரிப்பார்கள். கடற்கரை இல்லாத மாவட்டம். கண்மாய்கள் ஆண்டில் பாதி நாள் தரை வெடித்துக் கிடக்கும். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழைக்காலம் போக மற்ற நாளெல்லாம் வெறும் மணல். மேலைநாடுகளில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் மெட்டல் டிடெக்டருடன் கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் அலைந்து, யாரோ தொலைத்த கல்யாண மோதிரத்தைத் தேடித் தருவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. அவர்களுடைய வித்தையை மதிப்பிட வேண்டுமானால் அதற்குச் சரியான இடம் இந்த வறண்ட சிவகாசிப் பட்டாசு வட்டாரம்தான் என்பது என் கட்சி. கருவி எங்கே திணறுகிறதோ அங்கேதான் ஆளின் கைத்திறன் வெளியே தெரியும். தெரியும்போது ஒன்று விளங்குகிறது: தேட வேண்டிய மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவதுதான் இந்தக் கலையின் உயிர். கருவியின் கூவல் அதில் ஒரு சின்னப் பங்கு. அப்படிக் குறைக்கும் வித்தை டிடெக்டர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, மண்ணைக் கழுவிப் பொன் எடுக்கும் நம் அரிப்புக்காரர்களிடம் இருந்தது.

முதலில் கருவிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். கோலின் அடியில் தட்டுப்போல இருப்பது கம்பிச் சுருள். அதில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அந்தக் காந்தப்புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்ப, அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் பதிலைத்தான் கருவி ஒலியாக மாற்றித் தருகிறது. தேர்ந்த கை தட்டைத் தரையோடு தரையாக, உரசாமல், சாய்க்காமல் நகர்த்தும். ஒரு வீச்சின் பாதிமேல் அடுத்த வீச்சு விழும். ஒலி கேட்ட இடத்தில் உடனே தோண்டாது. குறுக்காக இன்னொரு முறை வீசி, இரண்டு கோடும் வெட்டுகிற புள்ளியைக் குறித்துக்கொள்ளும். முழு வளையமாக இருக்கும் மோதிரத்தில் சுழல் மின்னோட்டம் தடையின்றி ஓடும்; ஆகவே பதில் பலமாக வரும். இதே வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தால் குரல் கம்மிப்போகும். கண்ணி கண்ணியாகக் கோத்த மெல்லிய சங்கிலி என்றால் இன்னும் மோசம், முனகல்தான். நம் ஊரில் தொலைவது பெரும்பாலும் மோதிரமா? சங்கிலி, மூக்குத்தி, தோட்டின் திருகாணி! திருகாணி அளவுக்குப் போய்விட்டால் விளக்குமாறும் சல்லடையும் எந்த டிடெக்டரையும் தோற்கடித்துவிடும்.

கருவியின் பெரிய பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. தங்க மோதிரம் தரும் பதிலும் அலுமினியத் துண்டு தரும் பதிலும் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். மாத்திரை அட்டையின் தகடு, பாட்டில் மூடி, குளிர்பான டப்பாவின் வளையம் எல்லாம் கருவி மோதிரத்துக்குக் காட்டும் எண்ணுக்கு அக்கம்பக்கத்திலேயே வந்து நிற்கும். அலுமினியமே வேண்டாம் என்று கருவியில் ஒதுக்கிவிட்டால் கூடவே தங்கமும் போய்விடும். இரும்பைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே வீச்சுக்குள் இரும்பு மலிந்து கிடந்தால் அதன் இரைச்சலில் பக்கத்திலிருக்கும் பொன்னின் குரல் அமுங்கிப்போகும். தீபாவளி முடிந்த ஒரு தெருவை நினைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு வாசலிலும் எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பின் கம்பிகள் மண்ணில் புதைந்து கிடக்கும். அத்தனையும் இரும்பு. மத்தாப்பு செய்கிற ஊரிலேயே, கம்பி வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் மோதிரம் விழுந்தால் கருவி ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும், ஒன்றும் சொல்லாது.

இந்தக் கருவியின் பிறப்புக் கதையே இதற்குச் சாட்சி. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேட, தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் தூண்டல் முறையில் இயங்கும் ஒரு கருவியைச் செய்துகொண்டு வந்தார். கருவி வேலை செய்தது, குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் குழப்பிவிட்டன என்ற காரணம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் முடிவு கட்டிவிட்டதால் அந்தப் பக்கத்தை மட்டுமே பெல்லுக்குத் தேடக் கொடுத்தார்கள். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார். மெட்டல் டிடெக்டரின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. எங்கே தேடுவது என்று முடிவு செய்தவரின் குறை. அந்த முடிவு தவறினால் எவ்வளவு கூர்மையான கருவியும் வெறும் பொருள்தான்.

இனி அரிப்புக்காரரின் தட்டைப் பார்ப்போம். நகைப்பட்டறைத் தெருக்களில் வாய்க்கால் மண்ணையும் பட்டறைக் குப்பையையும் அள்ளிக் கழுவிப் பொன்துகள் எடுப்பவர்களைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்க்கலாம். மண்ணைச் சல்லடையில் சலித்துக் கல்லையும் சருகையும் நீக்கி, மிச்சத்தை நடுவில் பள்ளமான அகன்ற தட்டில் கொட்டித் தண்ணீரில் அமிழ்த்துவார். மணிக்கட்டு இரண்டும் மெல்லச் சுழலும். சுழற்சியில் மண் மிதப்புக்கு வந்ததும் தட்டை லேசாகச் சாய்ப்பார். மேல்மண் விளிம்பு வழியாகத் தண்ணீரோடு வழிந்துவிடும். மறுபடி நீர், மறுபடி சுழற்சி. சாய்வு கொஞ்சம் கூடினால் பொன்னும் போய்விடும். கொஞ்சம் குறைந்தால் விடிய விடியக் கழுவினாலும் தீராது. இதற்கு அடிப்படை எளிய கணக்கு. நீரைவிட மணல் சுமார் 2.65 மடங்கு கனம், அலுமினியம் 2.7 மடங்கு, இரும்பு 8 மடங்குக்குச் சற்றுக் குறைவு, 22 காரட் தங்கமோ 17 மடங்குக்கும் மேல். கருவி பிரிக்கத் திண்டாடுகிற அலுமினியமும் தங்கமும் தண்ணீரில் ஒன்றுக்கொன்று ஒட்டாத அந்நியர்கள். அலுமினியத் துண்டு மணலோடு மணலாக வழிந்தோட, மோதிரம் நகராமல் அடியில் உட்கார்ந்திருக்கும். மத்தாப்புக் கம்பிகளை முன்கூட்டியே ஒரு காந்தத்தால் எடுத்துவிட்டால், பட்டாசு வட்டாரத்தின் குப்பைமண்ணில்கூட மோதிரம் தப்ப வழியில்லை. பேட்டரி வேண்டாம், ஹெட்போன் வேண்டாம்.

கடற்கரையில் மணல் கொள்ளாத அளவு கிடக்கிறதே, அதையெல்லாம் யார் அரிப்பது, கருவிதானே வேகம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ந்த மணலிலும் புல்தரையிலும் கருவிக்குத்தான் என் ஓட்டு; சில நிமிஷத்தில் வேலையை முடித்துவிடும். ஆனால் மோதிரம் கழலுவது பெரும்பாலும் தண்ணீருக்குள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், ஈரத்தில் வழுக்கும், இடுப்பளவு நீரில் அலை தள்ளும்போது கை விரியும். உப்புநீரே மின்சாரத்தைக் கடத்துவதால் கடலோர ஈரமணலில் சாதாரணக் கருவி உளறும். அதற்கென்று வேறு வகைக் கருவி வேண்டும். தென்கடற்கரையில் கருமணலின் தொந்தரவும் சேர்ந்துகொள்ளும். விருதுநகர்க்காரர்கள் பஸ் பிடித்துப் போய்க் குளிக்கும் கடல் திருச்செந்தூர்க் கடல்தான். அங்கே குளிப்பவர் தவறவிட்ட நகையைத் தேடி எடுப்பதில் பேர்போனவர்கள் சிப்பி அரிக்கும் தொழிலாளர்கள். அவர்கள் கடற்கரை முழுவதையும் அரிப்பதில்லை. கனமானதைக் கனமானவற்றோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அலையின் வழக்கம். ஈயக் குண்டு, காசு, ஆணி, கருமணல் வரி ஆகியவை ஒதுங்குகிற குழி எதுவோ, நகைக்கும் அதுவே போக்கிடம். எந்த நேரத்தில், எந்தப் பாறைக்கு நேரே, எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்று கேட்டுக்கொண்டு, அன்றைய நீரோட்டம் இழுக்கும் பக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் தேடும் பரப்பு ஒரு திண்ணை அளவுக்கு வந்துவிடும்.

உள்நாட்டு மண்ணுக்கு வேறு கணக்கு. கரிசல் கோடையில் வெடிக்கும். வெடிப்பு முழங்கால் ஆழத்தையும் தாண்டும். அதற்குள் நழுவிய மோதிரம் கைவீச்சுக் கருவி எட்டுகிற சாண் ஆழத்துக்குக் கீழே போய்விடும். மழை பெய்ததும் மண் ஊதி வாய் மூடிக்கொள்ளும். ஆகவே கண்மாய்க்குள் தொலைந்ததை அடுத்த மழைக்கு முன் தேட வேண்டும், வெடிப்பு வெடிப்பாகத் தேட வேண்டும். ஈரக் கரிசல் சல்லடையில் இறங்காது, களியாக ஒட்டும். அதைத் தொட்டியில் ஊறப்போட்டுக் கரைத்து, தெளிய விடாமல் வடித்து வடித்துத்தான் அடியைப் பார்க்க முடியும். கிணறு என்றால் பாதாளக்கரண்டியை எல்லோரும் நினைப்பார்கள். அது அறுந்த வாளிக்கும் கயிற்றுக்கும் ஆன கருவி. கொக்கியில் மாட்டக் காதோ கைப்பிடியோ இருக்க வேண்டும். சேற்றில் புதைந்த மோதிரத்துக்கு அது உதவாது. மோட்டார் போட்டு நீரை இறைத்து, விழுந்த மூலையிலிருந்து தொடங்கிச் சேற்றைச் சட்டி சட்டியாக மேலேற்றிக் கழுவுவதுதான் வழி. மீன் வயிற்றிலிருந்து மோதிரம் கிடைப்பதெல்லாம் காளிதாசனின் நாடகத்தில்தான் நடக்கும்.

இது வெறும் உடலுழைப்பு, கொஞ்சம் அதிர்ஷ்டம், இதில் கலை எங்கே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அதிர்ஷ்டக்காரனுக்குக் கிடைத்தால் கிடைத்தது என்று சொல்லத் தெரியும். கைதேர்ந்தவருக்கு 'இங்கே இல்லை' என்று சொல்லத் தெரியும். நான் ரசிப்பது அந்த 'இல்லை'யைத்தான். கருவி மௌனமாக இருந்தால் பொருள் இல்லை என்று ஆகாது. ஆழத்தில் இருக்கலாம், இரும்பின் நிழலில் இருக்கலாம். கழுவி முடித்த தட்டு காலியாக இருந்தால் அந்த மண்ணைப் பற்றிய பேச்சு அதோடு தீர்ந்தது. இதன் உச்சத்தை இலங்கையின் முகமாலையில் காணலாம். போர் விட்டுச்சென்ற கண்ணிவெடிகளை ஹாலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளில் சேர்ந்து அகற்றியவர்களில் வன்னித் தமிழ்ப் பெண்கள் ஏராளம். பல வெடிகளில் உலோகம் மிகச் சொற்பம் என்பதால் டிடெக்டரை மட்டும் நம்ப முடியாத இடங்களில், கைவாரியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி இழுத்து, குறுகிய பாதை பாதையாக நிலத்தைச் சுத்தம் செய்தார்கள். அவர்கள் ஒப்படைத்தது வெடிகளை அல்ல, வெடி இல்லை என்ற உறுதியுள்ள நிலத்தை. சிவகாசியில் மருந்து கலப்பவர்களுக்கும் இந்தப் புத்தி பழக்கம்தான். கலவைக்குள் ஒரு மணற்பருக்கை இருந்தாலும் உராய்வில் பொறி கிளம்பலாம் என்பதால் ரசாயனத்தைச் சலித்த பிறகே கலக்க வேண்டும் என்பது அங்கே பால பாடம்.

மண்ணுக்குள் பொன் இருக்கிறது என்று தெரிந்தும் தேடக் கூடாத இடமும் இதே வட்டாரத்தில் இருக்கிறது. வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம் மேடு. 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை மூன்று கட்டமாக அகழ்ந்த இடம். சங்கு வளையல்கள் ஏராளமாகவும் பொன் அணிகலன்கள் சிலவும் கிடைத்தன. அங்கேயும் முறை நம் அரிப்புக்காரரின் முறைதான்: கட்டம் கட்டி, அடுக்கு அடுக்காகச் சுரண்டி, வெளியேற்றும் மண்ணைச் சலித்துப் பார்ப்பது. கருவியோடு இரவில் ஏறி, ஒலி கேட்ட இடத்தில் குழி பறித்து ஒரு பொன்மணியை எடுப்பவன் அதன் எடைக்கான பணத்தைப் பெறலாம்; எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியை அவன் அழித்துவிட்டான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டமும் குறுக்கே நிற்கிறது: மண்ணுக்குள் கிடைத்ததன் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பொழுதுபோக்கை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய நினைப்பவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

இன்னொரு ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. சாக்கடை மண்ணில் கைவிட்டு, பாதரசமும் நைட்ரிக் அமிலமும் புகையும் மூலையில் உட்கார்ந்திருப்பவரின் மணிக்கட்டைப் புகழ்வது வசதியாக இருப்பவர்களின் ரசனை இல்லையா? இருக்கலாம். அந்த அமிலமும் பாதரசமும் பொடித்துகளுக்குத் தேவைப்படுபவை. முழு மோதிரத்துக்கு நீரும் தட்டும் போதும். கைத்திறனை மெச்சுவதால் அவர் சாக்கடையிலேயே இருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. கடலோரக் கோயில் ஊர்களிலும் அருவிக் கரைகளிலும் தேடித் தருவதற்கென்று கூலி நிர்ணயித்து, கையுறையும் கருவியும் கொடுத்து இவர்களை அமர்த்தலாமே. டிடெக்டர் அப்போது இவர்கள் கையில் இருக்கட்டும். எங்கே வீசுவது என்று தெரிந்த கையில் அது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதையும் இந்தக் கலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 403ஆம் பிரிவை விளக்க ஒரு மோதிரத்தையே உதாரணம் காட்டியது: விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்தவர், உரியவரைக் கண்டுபிடிக்க முயலாமல் உடனே விற்றால் அது குற்றம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் இப்பிரிவு 314 ஆனது. சொந்தக்காரர் பக்கத்தில் நின்று தவிக்கும்போது இது எளிது. தேடுவார் இல்லாமல் தட்டில் தானாக ஒரு மோதிரம் வந்து விழும்போதுதான் சிக்கல். திருச்செந்தூர்க் கடலில் தொலைத்தவர் சாயங்காலமே சாத்தூருக்கோ சங்கரன்கோவிலுக்கோ பஸ் ஏறியிருப்பார். உள்பக்கம் வெட்டிய எழுத்து, நகைக்கடை முத்திரை, தேய்மானம், விரல் அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு புறக்காவல் நிலையத்தில் ஒப்படைத்து, கோயில் ஒலிபெருக்கியில் 'ஒரு மோதிரம்' என்று மட்டும் அறிவிக்கச் சொல்ல வேண்டும். அடையாளத்தைச் சொல்ல வேண்டியது கேட்டு வருகிறவர்.