நிலவில் நடந்த விசாரணை

எக்ஸ்-மென் 137-ஆம் இதழ் 1980 செப்டம்பர் தேதியிட்டு வந்தது. வழக்கத்தைவிடப் பக்கம் அதிகம், விலை 75 சென்ட். எழுதியவர் கிறிஸ் கிளேர்மாண்ட், பென்சிலில் வரைந்தவர் ஜான் பிர்ன், மை தீட்டியவர் டெரி ஆஸ்டின். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே சாகிற இதழ் என்றால் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

குழு நாயகர் கதைகளில் சாவு புதிதல்ல. 1967-இல், லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ் கதையில் ஃபெர்ரோ லாட் சூரியன்களைத் தின்னும் மேகத்துக்குள் வெடிகுண்டோடு பாய்ந்து மாண்டான். 1968-இல் டூம் பேட்ரோல் இதழ் நின்றபோது அதன் எழுத்தாளர் ஆர்னால்ட் டிரேக் குழுவையே வெடிவைத்துத் தீர்த்துவிட்டார். எக்ஸ்-மென்னிலேயே 1975-இல் தண்டர்பேர்ட், சொன்ன பேச்சு கேட்காமல் எதிரியின் விமானத்தோடு சேர்ந்து சிதறினான். தியாகமோ வீம்போ, செத்தவர்கள்மேல் பழி கிடையாது. ஜீன் விஷயம் அப்படியில்லை. தன்னுள் குடிகொண்ட ஃபீனிக்ஸ் சக்தி தலைக்கேறி, 135-ஆம் இதழில் பசிக்கு ஒரு நட்சத்திரத்தையே விழுங்குகிறாள். அதைச் சுற்றிய கோளில் 500 கோடி உயிர்கள் போய்விடுகின்றன.

கிளேர்மாண்டும் பிர்னும் முதலில் முடித்த விதம் வேறு. அவளைத் தண்டிக்க வந்த வேற்றுக்கோள் ஷியார் பேரரசு அவள் சக்தியை மூளையிலிருந்து அறுத்தெடுத்துவிட்டுச் சாதாரணப் பெண்ணாக அனுப்பிவிடும். மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் இதை ஏற்கவில்லை. இத்தனை பேரைக் கொன்றவள் சும்மா வீடு திரும்பக் கூடாது என்றார். கடைசிப் பக்கங்கள் மறுபடி வரையப்பட்டன. ஃபெர்ரோ லாடைக் கொன்ற கதையைப் பதின்ம வயதில் எழுதியவரும் இதே ஷூட்டர்தான். போதாக்குறைக்கு, ஜீனின் விதியைத் தீர்மானிக்க நிலவில் எக்ஸ்-மென்னோடு மோதும் ஷியார் காவல்படை, லீஜனில் பணியாற்றிவிட்டு வந்த ஓவியர் டேவ் காக்ரம் அந்தக் குழுவைக் குறும்பாக நகலெடுத்து உருவாக்கியது.

கைவிட்ட முடிவை மார்வெலே 1984-இல் தனி இதழாக வெளியிட்டதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஷூட்டர் சொன்னதுதான் சரி என்பது என் கட்சி. பழைய முடிவில் ஜீன் அடுத்தவர் கத்திக்குக் கிடக்கும் நோயாளி. அச்சான முடிவில், சக்தி மறுபடி தலைதூக்கியதும் காதலன் ஸ்காட்டிடம் பேசிவிட்டு, நிலவின் இடிபாடுகளில் கிடந்த பழைய ஆயுதத்தைத் தன்மேல் தானே ஏவிக்கொள்கிறாள். தீர்ப்பு அவளுடையது.

ஆனால் இதழின் அருமையான பகுதி சண்டைக்கு முந்தைய இரவுதான். எக்ஸ்-மென் ஒவ்வொருவரும் தனித்தனியே, இவளுக்காகப் போரிடலாமா என்று மனசுக்குள் மல்லாடுகிறார்கள். மறுநாள் ஜீன் ஃபீனிக்ஸ் உடையைக் களைந்து, மார்வெல் கேர்ள் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சை உடையையும் மஞ்சள் முகமூடியையும் அணிந்து வருகிறாள். வசனத்தைக் கொட்டித் தீர்க்கும் கிளேர்மாண்ட் சொல்ல நினைத்ததில் பாதியை அந்த உடையே சொல்லிவிடுகிறது.

குறை ஒன்று உண்டு. நீதி நீதி என்று இத்தனை பக்கம் பேசியும், மாண்ட 500 கோடிப் பேர் தொகையாகவே நின்றுவிடுகிறார்கள். அழுகை முழுக்க ஸ்காட்டுக்குத்தான்.

1986-இல் எக்ஸ்-ஃபேக்டர் தொடருக்காக ஜீன் திரும்பத் தேவைப்பட்டாள். கொலைப்பழியோடு அவளைக் கொண்டுவர முடியாது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் கர்ட் பியூசிக் சொன்ன யோசனை கைகொடுத்தது: நிலவில் செத்தது அவளைப் போல உருவெடுத்த ஃபீனிக்ஸ், நிஜ ஜீன் ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள். பழி துடைத்த கையோடு அவள் எடுத்த தீர்ப்பையும் துடைத்துவிட்டார்கள். 137-ஐ வாசிக்க உட்காரும்போது நான் இந்தத் திருத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.