ருக்மணி தேவியை எப்படிக் கேட்பது

இலங்கையில் மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வீதியில் நாலந்தாவில் இறங்கி உள்ளே நடந்தால் கெடிகே வந்துவிடும். பல்லவக் கோயில் போன்ற கட்டுமானம். ஆனால் பௌத்தர்களின் சிலைமனை. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் திரும்ப நிறுத்தினார்கள். இது யாருடையது என்ற வழக்கிலேயே நிற்பவர் அதன் தூண்களைப் பார்க்காமல் திரும்பிவிடுவார். சிங்களத் திரையின் பாடும் நாயகி ருக்மணி தேவியையும் அந்த வழக்கை விட்டுவிட்டுத்தான் கேட்கவேண்டும்.

இயற்பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923இல் றம்பொடையில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நாடக மேடையில் வளர்ந்து, பதின்ம வயதிலேயே எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் இசைத்தட்டில் பாடினார். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஜனவரி 21 அன்று வெளியானது. அதன் நாயகி அவர். தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர், படமாக்கியது மதுரையில், இசை நாராயண ஐயர். சிங்கள சினிமாவின் பிறப்பிலேயே நம் ஊர்க் கைகள் இருந்தன என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கேட்க உட்காரும்போது அதையும் ஒதுக்கிவைக்க வேண்டும்.

முதலில் படத்தை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் கேளுங்கள். பார்சி நாடகக் குழுக்கள் வழியாக வந்த இந்துஸ்தானி மெட்டுகள் சிங்கள ‘நூர்த்தி’ மேடையிலும் நம் பழைய நாடகங்களிலும் ஒருங்கே புழங்கின. ஆகவே சொல் புரியாவிட்டாலும் மெட்டு அந்நியமாக இராது. எங்கே மூச்சு எடுக்கிறார், வரியின் கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் விடாமல் பிடித்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மேடையின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய தொண்டை அது.

அப்புறம் பழைய படம் ஒன்றைப் பாருங்கள். கதை நின்று பாட்டு தொடங்கும் இடத்தில் பொறுமை இழக்காதீர்கள். அமெரிக்காவில் ஜீன் ஆட்ரி குதிரையும் கிட்டாருமாகப் பாடியபோதும், தமிழ்ப் படங்களில் தியாகராஜ பாகவதர் பாடியபோதும் ஜனங்கள் காசு கொடுத்தது குரலுக்காக. கதை அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றது. பின்னணிப் பாடகிகள் வந்தபின் முகம் ஒருவருக்கு, குரல் ஒருவருக்கு என்றானது. ருக்மணி பாடி நடிக்கும் காட்சியில் இரண்டும் ஒரே உடம்பிலிருந்து வருகின்றன. பாடும்போது முகம் அழகுக்காக உறைந்துபோவதில்லை. கழுத்து நரம்பு வரை உழைக்கிறது. அவரை நடிகையாக மட்டும் அளப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

கடைசியாக, அவர் பிற்காலத்தில் பாடிய பாட்டு ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். நாயகி வேடங்கள் குறைந்த பின்னும் இசைக்குழுக்களோடு ஊர் ஊராக மேடை ஏறினார். 1978 அக்டோபர் 28 அன்று மாத்தறையில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், துடெல்லவில் நேர்ந்த வீதி விபத்தில் இறந்தார். அப்போது வயது 55. பாடுவதை அவர் நிறுத்தியிருக்கவில்லை.