ஏரிக்கரையில் நிற்பது யார்?

புத்தகக் கடைக்குப் போனால் ஒரு அலமாரி முழுக்கத் தலைமைப் பண்பு பற்றித்தான். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத உலகில் நீங்களும் தலைவர் ஆகலாம் என்கிற ரகம். புரட்டிப் பாருங்கள். அந்தத் தலைவருக்கு ஏசி அறையும் பத்து உதவியாளர்களும் இருப்பார்கள். தப்பு நடந்தால் பங்கு விலை இறங்கும், அவ்வளவுதான். நான் சொல்லப்போவது வேறு ஊர்க் கதை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள், டிசம்பர் 2 அதிகாலை, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. அணை இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். அடிபட்டது பாகூர் கொம்யூனில் சோரியாங்குப்பம், குருவிநத்தம் மாதிரியான ஆற்றோர ஊர்கள்.

அந்த நேரத்தில் அங்கே ஒருவருக்கு என்ன கேள்வி இருக்கும்? 'கிளம்பணுமா, இருக்கலாமா? மாட்டை அவிழ்த்து விடணுமா?' சரி, யாரைக் கேட்பது? பஞ்சாயத்துத் தலைவரை என்பீர்கள். அந்த நாற்காலி காலி.

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருஷம்! அதுவும் கோர்ட் தலையிட்ட பிறகு. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. சீக்கிரம் தேர்தல் நடத்துங்கள் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல் தேதி அறிவித்தார்கள். இடஒதுக்கீட்டுச் சண்டையில் அதுவும் நின்றது. வெள்ளம் வந்தபோது கொம்யூன் பஞ்சாயத்தில் இருந்தவர் ஆணையர். அவர் மோசமானவர் என்று சொல்லவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு மாற்றல் ஆகிப் போவார். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலில் நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

'எம்.எல்.ஏ. இருக்கிறாரே சார்?' இருக்கிறார். முப்பது தொகுதிகள், ஒன்றுக்கு முப்பதாயிரம் சொச்சம் வாக்காளர்கள். தெருவிளக்கு, சாக்கடை, முதியோர் பென்ஷன் எல்லாம் அவர் கையில். கவுன்சிலர் வந்தால் பாதி வேலை கை மாறும். தேர்தலுக்கு ஏன் யாரும் அவசரப்படவில்லை என்பது இப்போது புரிந்திருக்குமே! கட்சி எதுவானாலும் இதில் மட்டும் அபார ஒற்றுமை.

இத்தனைக்கும் இந்த ஊர்களுக்கு இது புதுசு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1880-ல் கொம்யூன்களை அமைத்தபோதே வில்லியனூரும் பாகூரும் பட்டியலில் இருந்தன. ஊருக்கு ஒரு 'மேர்', தேர்ந்தெடுத்த சபை. அந்தத் தேர்தல்களில் அடிதடியும் கள்ள ஓட்டும் தாராளம். ஒன்றும் பொற்காலம் இல்லை. ஆனாலும் 1954 அக்டோபர் 18 அன்று, எந்த நாட்டோடு சேருவது என்ற ஆகப்பெரிய குழப்பத்தைத் தீர்த்தது யார்? வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகள். கொம்யூன் உறுப்பினர்களும் அதில் அடக்கம். 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள்.

ஒரு நாட்டையே தேர்ந்தெடுக்கத் தெரிந்த சபைக்கு, மதகை எப்போது திறப்பது என்று பேசத் தெரியாதா?

நிச்சயமில்லாத காலத்தில் எல்லாம் தெரிந்த தலைவர் கிடைக்க மாட்டார். வெள்ளம் எவ்வளவு வரும் என்று பாகூர்க்காரருக்கும் தெரியாது. ஆனால் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அவர் தப்பாகவும் முடிவெடுக்கலாம். அப்படி எடுத்தால், மறுநாள் டீக்கடையில் அவரை நிறுத்திக் கேட்கலாம். அந்த ஒரு வசதியைத்தான் கேட்கிறோம்.

நீங்கள் இருப்பது நகரமாக இருக்கலாம். உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன? யோசிக்கிறீர்களா? பாகூர்க்காரர் யோசிக்கவே வேண்டாம், அவருக்கு அப்படி ஒருவரைக் கொடுக்கவே இல்லை. உங்களுக்குக் கொடுத்திருந்தும் தெரியவில்லை என்றால், நாற்காலி காலியாகக் கிடந்தாலும் யாருக்கும் உறைக்காததற்கு நாமும் ஒரு காரணம்.